கையிருப்பு இல்லாத கால அட்டவணை: புறநகர் ரயிலும் தொண்டு நிறுவனமும் ஒரே மாதிரி தடுமாறுவது ஏன்?

‘நூற்றுக்குத் தொண்ணூறு ரயில்கள் நேரத்துக்கு ஓடின’ என்று ரயில் நிறுவனம் அறிக்கை விடுகிறது. அதே மாதம் நடைமேடையில் நிற்பவர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வருமானம் ஏறியிருக்கிறது, பெயர் பதிந்த தன்னார்வலர் எண்ணிக்கையும் ஏறியிருக்கிறது. ஆனால் அது நடத்திவந்த சேவை வாரத்துக்கு இரண்டு நாளாகச் சுருங்குகிறது, சில சமயம் மூடியே போகிறது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் எண்கள் சரியாகவே இருக்கும். அவை எதை எண்ணுகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று பார்த்தால்தான் முடிச்சு அவிழும்.

ரயிலும் தொண்டு நிறுவனமும் வாக்கு கொடுத்து நடத்தும் சேவைகள். இத்தனை மணிக்கு வருவேன், இந்த நாளில் இருப்பேன் என்பதுதான் அவை தரும் வாக்கு. அதைக் காப்பாற்றுவது கையில் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கும் சில விஷயங்கள்: அட்டவணையில் ஓரிரு நிமிடம், பணிமனையில் தயாராக நிற்கும் ஒரு ரயில், அழைத்தால் வரக்கூடிய ஓட்டுநர், வங்கியில் சில மாதச் செலவுக்கான பணம், யாருக்கு எப்போது வேலை என்று எழுதும் முறைப்பட்டியலில் தேவைக்கு மேல் இரண்டு ஆட்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் இவை சும்மா கிடப்பதுபோலத் தெரியும். அதனால் சிக்கனம் என்று பேச்சு வந்தாலே கத்தி முதலில் பாய்வது இங்கேதான். வெட்டிய மறுநாள் ஒன்றும் ஆகாது. புள்ளிவிவரம்கூடக் கொஞ்சம் அழகாகத் தெரியும். விளைவு மெதுவாகத்தான் வரும். அது எப்படி வருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

1. நிறுத்த நேரம்: ரயில் ஒரு நிலையத்தில் கதவைத் திறந்து, ஆட்கள் இறங்கி ஏறி, கதவை மூடிக் கிளம்ப ஒதுக்கப்பட்ட நேரம். புறநகர் ரயிலில் இது விநாடிக் கணக்கு.

2. இடைவெளி: ஒரே தண்டவாளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ரயில்களுக்கு நடுவே விட வேண்டிய நேரம். சிக்னல் அமைப்பும் ரயிலின் பிரேக் திறனும் இதன் குறைந்தபட்ச அளவைத் தீர்மானிக்கின்றன.

3. மீட்பு நேரம்: ஓடுவதற்கு உண்மையில் தேவைப்படும் நேரத்துக்கு மேல் அட்டவணையில் சேர்க்கும் நிமிடங்கள். சின்னத் தாமதத்தை வழியிலேயே சரிக்கட்டத்தான் இது. ஓட்ட நேரத்தில் 3 முதல் 7 சதவீதம் வரை சேர்ப்பது ஐரோப்பாவில் பொதுவான வழக்கம்.

4. திரும்பு நேரம்: கடைசி நிலையத்துக்கு வந்த ரயில் மறுபடி கிளம்புவதற்கு முன் நிற்கும் நேரம்.

5. கட்டுப்பட்ட நிதி: கொடுத்தவர் சொன்ன திட்டத்துக்கு மட்டுமே செலவிடக்கூடிய பணம். பள்ளிக் கட்டடத்துக்கு என்று வந்த பணத்தில் கணக்காளருக்குச் சம்பளம் போட முடியாது.

6. பொது நிதி: நிறுவனத்தின் நோக்கத்துக்குள் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பணம். வாடகை, தணிக்கை, கணினி, பயிற்சி எல்லாம் இதிலிருந்துதான்.

7. இருப்பு நிதி: பொது நிதியில் செலவழிக்காமல் ஒதுக்கி வைத்த பகுதி. எதிர்பார்த்த பணம் வராத மாதங்களில் சம்பளம் இதிலிருந்து போகும்.

‘நேரத்துக்கு வந்தது’ என்றால் என்ன?

இதற்கு உலகம் முழுவதும் ஒரே விடை கிடையாது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு முதல் பயன்பட்ட அளவுகோலின்படி, ரயில் எல்லா நிறுத்தங்களிலும் நின்று கடைசி நிலையத்துக்கு 5 நிமிடத் தாமதத்துக்குள் வந்துவிட்டால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு. நெடுந்தூர ரயிலுக்கு 10 நிமிடம். 2019 ஏப்ரல் முதல் அங்கே அளவுகோல் இறுகியது: ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடத்துக்குக் குறைவான தாமதம்தான் ‘நேரத்துக்கு’. ஜெர்மனியில் 6 நிமிடத்துக்குள் வந்தால் போதும். சுவிட்சர்லாந்தில் 3 நிமிடம். இந்திய ரயில்வே பயணிகள் ரயில்களின் நேர ஒழுங்கைக் கடைசி நிலையத்தில் 15 நிமிட வரம்பு வைத்து அளந்துவந்திருக்கிறது. ஆக, ஒரு நாட்டின் 90 சதவீதத்தையும் இன்னொரு நாட்டின் 90 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் பயனில்லை.

அளவுகோல் தளர்வாக இருப்பதைவிடப் பெரிய சிக்கல், அது ரயில் ஓட்டும் விதத்தையே மாற்றிவிடுவது. மூன்று வழிகளில் இது நடக்கிறது.

1. கடைசி நிலையத்தில் மட்டும் அளந்தால், மீட்பு நேரத்தை எல்லாம் கடைசிக்கு முந்தைய நிலையத்துக்கும் கடைசி நிலையத்துக்கும் நடுவே குவித்து வைக்கத் தோன்றும். வழியில் உள்ள பத்து நிலையங்களிலும் 4 நிமிடம் தாமதம். கடைசியில் மட்டும் கச்சிதம். நடுவில் இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டியவர் அதைத் தவறவிடுகிறார், கணக்கில் அவர் இல்லவே இல்லை.

2. ரத்தான ரயிலைத் தாமதக் கணக்கில் சேர்க்காவிட்டால், மிகவும் தாமதமான ரயிலை ரத்து செய்வது புள்ளிவிவரத்துக்கு நல்லதாகிவிடும். ஜெர்மனியில் தாமதக் கணக்கில் ரத்தான ரயில்கள் வருவதில்லை. தாமதமான ரயிலைக் கடைசி நிலையம் வரை ஓட்டாமல் வழியிலேயே திருப்பி, எதிர்த் திசையில் நேரத்துக்குக் கிளப்பும் வழக்கத்துக்கு அங்கே ‘போஃபாலா திருப்பம்’ என்று ஒரு பெயரே விழுந்துவிட்டது. ரயில் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருந்த ரொனால்ட் போஃபாலாவின் பெயரால் வந்தது அது.

3. முன்கூட்டியே நீக்கினால் ரத்து ஆகாது என்ற விதி. பிரிட்டனில் முந்தைய நாள் இரவு 10 மணிக்குள் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்ட ரயில், அதிகாரபூர்வமான ரத்து எண்ணிக்கையில் வராமல் இருந்தது. சர்ச்சை எழுந்த பிறகு அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு இப்படி நீக்கப்பட்ட ரயில்களின் எண்ணிக்கையையும் வெளியிடத் தொடங்கியது. நியாயமான மாற்றம். காலையில் நடைமேடைக்கு வந்தவருக்கு, ரயில் எப்போது ரத்தானது என்பதில் என்ன இருக்கிறது?

இன்னொரு மறைவிடம் சராசரி. எண்ணுவது ரயில்களை; பயணிப்பது மனிதர்கள். ஒரு நாளில் 10 ரயில்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை நெரிசலில் ஓடும் 2 ரயில்களில் தலா 1,000 பேர், மற்ற 8 ரயில்களில் தலா 100 பேர். நெரிசல் நேர ரயில்கள் இரண்டும் தாமதம், மற்றவை எல்லாம் நேரத்துக்கு. ரயில் கணக்கில் இது 80 சதவீதம். பயணிகள் கணக்கில், 2,800 பேரில் 2,000 பேர் தாமதம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் 29 சதவீதம்கூட இல்லை. எப்போதும் இவ்வளவு மோசமாக இருக்காதுதான். ஆனால் நெரிசல் நேரத்தில்தான் தாமதம் அதிகம், ஆட்களும் அதிகம். அதனால் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது.

தினமும் போய்வருபவரின் அனுபவம் ஏன் அறிக்கையோடு ஒத்துப்போவதில்லை என்பதற்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. ஒவ்வொரு பயணமும் நேரத்துக்கு முடியும் வாய்ப்பு 90 சதவீதம் என்றால், வாரத்துக்கு 10 பயணமும் சிக்கலின்றி முடியும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம்தான். மூன்று வாரங்களில் இரண்டில் ஏதாவது ஒன்று கெடும். அவர் நினைவில் நிற்பது அதுதான், அப்படி நிற்பதில் தவறும் இல்லை.

நாற்பது விநாடி என்ன செய்யும்?

லண்டனின் நடுவே போகும் தேம்ஸ்லிங்க் பாதை மணிக்கு 24 ரயில்களை ஓட்டத் திட்டமிடப்பட்டது. அப்படியானால் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு ரயில். இப்படிப்பட்ட எந்தப் பாதையிலும் ஒரு நிலையத்தில் ஒருவருடைய பை கதவில் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். கதவு மீண்டும் திறந்து மூட 40 விநாடி கூடுதலாகிறது.

பின்னால் வரும் ரயிலுக்கு இப்போது மஞ்சள் சிக்னல். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். குறைத்த வேகத்தை மறுபடி கூட்ட நேரம் பிடிப்பதால், முன்னால் போன ரயில் இழந்ததைவிடச் சில விநாடி அதிகமாகவே இவர் இழக்கிறார். அதற்குள் அடுத்த நிலையத்தின் நடைமேடையில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடினால் ஏறி இறங்க நேரம் அதிகம். நேரம் அதிகமானால் தாமதம் அதிகம். தாமதம் அதிகமானால் அதற்கடுத்த நிலையத்தில் கூட்டம் இன்னும் அதிகம். தன்னைத் தானே ஊட்டி வளர்க்கும் தாமதம் இது. அப்புறம் ஒரு சந்திப்பு வருகிறது. அங்கே தன் முறையைத் தவறவிட்ட ரயில், வேறு பாதையிலிருந்து வரும் ரயிலுக்கு வழிவிட்டு நிற்கிறது. கடைசி நிலையத்தில் திரும்பு நேரம் 6 நிமிடம் இருக்க வேண்டிய இடத்தில் 2 நிமிடம்தான் மிஞ்சுகிறது. தாமதம் திரும்பிப் போகும் பயணத்துக்கும் ஏறிவிட்டது.

இந்தச் சங்கிலியை எங்காவது அறுக்க வேண்டுமானால், எங்காவது வெற்றிடம் இருக்க வேண்டும். பன்னாட்டு ரயில்வே ஒன்றியத்தின் வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: புறநகர் ரயில்களுக்கு மட்டுமான பாதையில் நெரிசல் மணிநேரத்தில்கூட 85 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், நாள் முழுவதற்குமான கணக்கில் 70 சதவீதம். விரைவு ரயிலும் சரக்கு ரயிலும் கலந்து ஓடும் பாதையில் இன்னும் குறைவு: 75, 60.

மிச்சம் 15 சதவீதத்தையும் ஏன் பயன்படுத்தக் கூடாது என்ற கேள்வி இயல்பாக எழும். வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. எளிய மாதிரியில், ஒரு சேவை 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது, ஒருவருக்குச் சேவை செய்ய ஆகும் நேரத்தைப்போல 4 மடங்கு நேரம் காத்திருக்க நேர்கிறது. 90 சதவீதத்தில் 9 மடங்கு, 95 சதவீதத்தில் 19 மடங்கு. ரயில் பாதை இந்த மாதிரியை அப்படியே பின்பற்றாது என்றாலும் போக்கு இதேதான். கடைசிச் சில சதவீதங்களைப் பிழிந்தெடுக்கப் போகும்போது விலை திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது.

அமகாசாகி, 2005

ஜப்பான் ரயில்கள் என்றாலே நேரம் தவறாமைதான் நினைவுக்கு வரும். 2017 நவம்பரில் டோக்கியோ அருகே ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பியதற்காக நிறுவனம் மன்னிப்புக் கேட்ட செய்தி உலகமெங்கும் சுற்றியது. அதே நாட்டில், அட்டவணையின் இறுக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கான மிகக் கொடிய பாடமும் இருக்கிறது.

2005 ஏப்ரல் 25, காலை நேரம். ஃபுகுச்சியாமா பாதையில் போன ஒரு புறநகர் ரயிலின் ஓட்டுநருக்கு வயது 23. இதாமி நிலையத்தில் ரயில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் எடுத்து நிறுத்தியதில் ஒன்றரை நிமிடம் போல இழப்பு. அந்தப் பாதையின் அட்டவணையில் இழந்த நேரத்தைப் பிடிக்க இடமே வைக்கப்படவில்லை. பிழை செய்த ஓட்டுநர்களைப் பணியிலிருந்து விலக்கி, தண்டனையாகவே நடத்தப்பட்ட ‘மறுபயிற்சி’க்கு அனுப்பும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இருந்தது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் மட்டுமே அனுமதிக்கப்பட்ட வளைவில் ரயில் சுமார் 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, தடம் புரண்டு, பாதையோரம் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநரோடு 107 பேர் இறந்தார்கள். 562 பேர் காயமடைந்தார்கள்.

விசாரணை ஆணையத்தின் 2007 அறிக்கை, ஓட்டுநர் பிரேக்கைத் தாமதமாகப் போட்டதோடு நின்றுவிடவில்லை. தண்டனைப் பயிற்சி பற்றிய பயம் அவர் கவனத்தைச் சிதறடித்திருக்கக்கூடும் என்றது. வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி அந்த வளைவில் இல்லாததையும், நேரக் கையிருப்பே இல்லாத அட்டவணையையும் சுட்டிக்காட்டியது. விபத்துக்குப் பிறகு நிறுவனம் அட்டவணையில் நேரத்தைக் கூட்டியது. அட்டவணையில் ஒரு நிமிடத்தை வெட்டும்போது அந்த நிமிடம் காணாமல் போவதில்லை. ஓட்டுநரின் தோளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரயில் துறையைப் பற்றி எழுதுகிற எவரும் மறக்கக் கூடாத விபத்து இது.

2018 மே 20: ஆட்களின் நேரமும் கையிருப்புதான்

பிரிட்டனில் அன்று புதிய அட்டவணை அமலுக்கு வந்தது. வழக்கத்தைவிட மிகப் பெரிய மாற்றம். அடுத்து வந்த வாரங்களில் லண்டன் புறநகரிலும் வட இங்கிலாந்திலும் ரயில் சேவை நொறுங்கியது. இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து வேலைநாளில் 780 ரயில்கள் வரை ரத்து செய்ய நேர்ந்தது.

தண்டவாளம் இருந்தது, ரயில்கள் இருந்தன, ஓட்டுநர்களும் இருந்தார்கள். பிறகு என்ன? ஓட்டுநர் நினைத்த பாதையில் எல்லாம் ரயிலை எடுத்துவிட முடியாது; அந்தப் பாதையின் சிக்னல், சரிவு, வேக வரம்பு எல்லாம் தெரிந்தவர் என்று சான்று பெற்றிருக்க வேண்டும். வட இங்கிலாந்தில் பாதையை மின்மயமாக்கும் வேலை தள்ளிப்போனதால் அட்டவணையைக் கடைசி நேரத்தில் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இறுதி அட்டவணை தாமதமாக வந்ததால், யாருக்கு எந்தப் பாதையில் பயிற்சி என்று திட்டமிட அவகாசம் இல்லை. சரியான ஓட்டுநர் தவறான இடத்தில் இருந்தார். விசாரணை நடத்திய ஸ்டீஃபன் கிளெய்ஸ்டர் குழு, யாரும் பொறுப்பெடுத்து ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லவில்லை என்று பதிவு செய்தது.

தொண்டு நிறுவனத்தின் பணம்: வரவு ஏறினால் ஏன் பலம் ஏறுவதில்லை?

இதே கதை, நிமிடங்களுக்குப் பதில் பணத்தில். ஒரு திட்டத்தை நடத்த நேரடியாக 80 பங்கு செலவு. அதைத் தாங்கும் வாடகை, கணக்கு, மேற்பார்வை, பயிற்சிக்கு 20 பங்கு. மொத்தம் 100. நிதி தருபவரோ ‘நிர்வாகச் செலவுக்கு 5 பங்குக்கு மேல் தர மாட்டேன்’ என்கிறார். ஆக வருவது 85. இந்தத் திட்டத்தை ஏற்ற நிறுவனம் 15 பங்கை வேறு எங்கிருந்தோ, பெரும்பாலும் பொது நன்கொடையிலிருந்து, போட வேண்டும். இதேபோல இன்னும் நான்கு திட்டம் கிடைத்தால் ஆண்டறிக்கையில் வருமானம் ஐந்து மடங்கு. துண்டு விழும் தொகையும் ஐந்து மடங்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வளர்ச்சியாகத் தெரிவது உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு மாதமும் சம்பளத் தேதியைக் கண்டு நடுங்குவதாக இருக்கிறது.

அமெரிக்காவில் 2009இல் கிரெகரி, ஹோவர்ட் என்ற இருவர் இதற்கு ‘பட்டினிச் சுழற்சி’ என்று பெயர் வைத்து எழுதினார்கள். நிதி தருபவர் குறைந்த நிர்வாகச் செலவை எதிர்பார்க்கிறார். நிறுவனங்கள் அதற்கேற்பச் செலவைச் சுருக்குகின்றன, கணக்கில் குறைத்தும் காட்டுகின்றன. அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து எதிர்பார்ப்பு இன்னும் இறங்குகிறது. 2013இல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களைத் தரமிடும் மூன்று பெரிய அமைப்புகள் சேர்ந்து, நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குத் திறந்த மடல் எழுதின. ஆனாலும் பழக்கம் மாறவில்லை. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஊழலைத் தடுக்க வரம்பு வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் சிலருக்கு ‘நிர்வாகம்’ என்று தெரிவது, உண்மையில் தணிக்கையாளரும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருமாக இருக்கிறார்.

இருப்பு நிதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் இயங்கிய கிட்ஸ் கம்பெனி ஓர் உதாரணம். 1996இல் தொடங்கி ஆதரவற்ற சிறுவர்களுக்காகப் பணியாற்றிய நிறுவனம். அரசிடமிருந்து ஆண்டுகள் முழுவதும் சேர்த்து 4 கோடி பவுண்டுக்கு மேல் பெற்றது. 2015 ஆகஸ்டில், 30 லட்சம் பவுண்டு அரசு மானியம் கைக்கு வந்த சில நாட்களிலேயே மூடப்பட்டது. புதிய குற்றச்சாட்டுகள் வெளியாகி நன்கொடைகள் நின்றபோது, சில வாரம் தாக்குப்பிடிக்கக்கூடக் கையில் இருப்பு இல்லை. நாடாளுமன்றக் குழு அறங்காவலர்களைக் கடுமையாகச் சாடியது. 2021இல் உயர் நீதிமன்றம் அவர்கள் நிறுவன இயக்குநர்களாக இருக்கத் தகுதியற்றவர்கள் என்ற வாதத்தை ஏற்க மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கையிருப்பின்றி வளர்ந்த சேவை ஒரே அதிர்ச்சியில் விழுந்ததில் வேறுபாடு இல்லை.

தன்னார்வலர் எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

இதில் மூன்று எண்கள் கலந்துவிடுகின்றன: பெயர் பதிந்தவர்கள், கடந்த சில மாதத்தில் ஒருமுறையாவது வந்தவர்கள், இந்த வாரம் உண்மையில் கிடைத்த மணிநேரங்கள். அறிக்கையில் வருவது முதலாவது. சேவை ஓடுவது மூன்றாவதை வைத்து.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்கு உதவ 2.5 லட்சம் பேர் வேண்டும் என்று அழைப்பு வந்தது. சில நாட்களிலேயே 7.5 லட்சம் பேர் பதிந்தார்கள். நெஞ்சை நெகிழ வைத்த எண் அது. ஆனால் முதல் வாரங்களில் அவர்களில் பலருக்கு ஒரு வேலைகூட வரவில்லை. ஆட்களைச் சரிபார்த்து, வேலையோடு பொருத்தி, அனுப்பி, திரும்பக் கேட்கும் ஏற்பாடு ஆர்வத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்பவர்தான் ஒருங்கிணைப்பாளர். அவருடைய சம்பளம்தான் ‘நிர்வாகச் செலவு’ என்று வெட்டப்படுகிற முதல் வரி.

நீண்டகாலப் போக்கு இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் அரசு நடத்தும் சமூக வாழ்க்கைக் கணக்கெடுப்பில், மாதம் ஒருமுறையாவது ஓர் அமைப்பின் வழியாகத் தொண்டு செய்வோர் 2013–14இல் 27 சதவீதம், 2021–22இல் 16.

முறைப்பட்டியல் போடுபவருக்கு இது எப்படித் தெரிகிறது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு வேளைக்கு 6 பேர் கட்டாயம் வேண்டும். ஒவ்வொருவரும் சொன்னபடி வரும் வாய்ப்பு 85 சதவீதம். தன்னார்வலர் என்ற முறையில் இது மோசமான எண்ணே இல்லை.

1. சரியாக 6 பேரைப் பட்டியலில் போட்டால், அறுவரும் வந்து சேரும் வாய்ப்பு 38 சதவீதம்.
2. 7 பேரைப் போட்டால், 6 பேராவது வரும் வாய்ப்பு 72 சதவீதம்.
3. 8 பேர் என்றால் 89 சதவீதம்.
4. 9 பேர் என்றால் 97 சதவீதம்.

ஆறு பேர் வேலைக்கு ஒன்பது பேர் எதற்கு என்று நிர்வாகக் குழுவில் யாராவது கேட்பார்கள். அந்த மூன்று பேர்தான் 38க்கும் 97க்கும் நடுவே நிற்கிறார்கள்.

இதை இயல்பாகவே புரிந்துகொண்ட அமைப்பு, 1824இல் தொடங்கிய பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். வருமானத்தில் பெரும்பங்கு மக்கள் தங்கள் உயிலில் எழுதி வைத்துவிட்டுப் போகும் பணம். அதன் ஷானன் வகைப் படகுக்கு 6 பேர் தேவை. ஆனால் ஒரு நிலையத்தின் பட்டியலில் அதைப்போலப் பல மடங்கு பேர் பயிற்சி பெற்றிருப்பார்கள். அழைப்புக் கருவி ஒலிக்கும்போது ஒருவர் கடையில் இருப்பார், ஒருவர் ஊரில் இருக்க மாட்டார், ஒருவருக்குக் காய்ச்சல். முதலில் வந்து சேரும் தகுதியானவர்களோடு படகு கிளம்புகிறது. கூடுதல் ஆட்களை அங்கே யாரும் உபரி என்று சொல்வதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் படகு கரையிலேயே நிற்கும்.

இரண்டும் சந்திக்கும் இடம்

தன்னார்வத்தை நம்பி ஓடும் ரயில்களும் உண்டு, அதிகம் பேசப்படாத விதத்தில். பிரிட்டனில் பல ரயில் நிறுவனங்களின் வேலை ஒப்பந்தத்தில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமான வேலை வாரத்துக்குள் வருவதில்லை. அன்றைய சேவையின் ஒரு பகுதி, ஓட்டுநர்கள் விருப்பப்பட்டுக் கூடுதல் வேலைக்கு வருவதை நம்பித்தான் இருக்கிறது. ஊதியம் உண்டு, ஆனால் வருவது அவர்கள் விருப்பம். நிறுவனத்துக்கு இது சிக்கனம்: புதிய ஓட்டுநர்களை எடுத்துப் பயிற்சி தர வேண்டியதில்லை. பெரிய விளையாட்டுப் போட்டியோ நல்ல வெயில் நாளோ வந்தால் விருப்பம் குறைகிறது. அச்சிட்ட அட்டவணை வெறும் காகிதமாகிறது.

ஜெர்மனியில் ‘குடிமக்கள் பேருந்து’ என்ற ஏற்பாடு 1985 முதல் இருக்கிறது. நெதர்லாந்தில் இதற்கு முன்பே தொடங்கியது. பேருந்து நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாத கிராமப் பாதைகளில், 8 பயணிகள் உட்காரும் சிறு வண்டி. ஓட்டுவது ஊர்க்காரர்கள், சம்பளம் இல்லை, ஆனால் அட்டவணை உண்டு. ஒரே வண்டிக்கு இருபது முப்பது ஓட்டுநர்களைச் சேர்த்துக்கொண்டுதான் சங்கங்கள் சேவையைத் தொடங்குகின்றன. வண்டி வாங்கவும் சங்கத்தை நடத்தவும் பொதுப் பணம் வருகிறது. ஆள் குறைந்தால் முதலில் அட்டவணையைக் குறைக்கிறார்கள். ஓட முடியாத பயணத்தை அறிவித்துவிட்டுக் கடைசி நேரத்தில் ரத்து செய்வதில்லை.

எவ்வளவு கையிருப்பு போதும்?

கையிருப்புக்கும் விலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அட்டவணையில் சேர்க்கும் ஒவ்வொரு நிமிடமும், ரயில் நன்றாக ஓடும் நாளில்கூட ஆயிரக்கணக்கானவர்களின் நிமிடம். அளவுக்கு மீறிச் சேர்த்தால் ரயில்கள் நடுவழியில் சிக்னலுக்காகவும் நிலையங்களில் நேரத்துக்காகவும் காத்து நிற்கும். புதிதாகத் தாமதம் பிறக்கும். தொண்டு நிறுவனம் பல ஆண்டுச் செலவுக்கான பணத்தைப் பூட்டி வைத்தால், இன்று உதவி வேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள். வேலை தராமல் காக்க வைத்த தன்னார்வலரும் திரும்பி வர மாட்டார்.

அதனால் மொத்த அளவைவிட, எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே முக்கியம். சுவிட்சர்லாந்தின் ‘ரயில் 2000’ திட்டத்தில், சூரிக்–பெர்ன் பயணத்தை 2004 டிசம்பரில் ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டுவந்தார்கள். இருமுனையிலும் இணைப்பு ரயில்களைப் பிடிக்க அது போதும். அதற்கு மேல் வேகத்துக்குப் பணம் கொட்டவில்லை. ஜெர்மனியிலிருந்து மிகவும் தாமதமாக வரும் ரயிலை எல்லையில் உள்ள பாசல் நிலையத்திலேயே முடித்துவிட்டு, தயாராக வைத்திருக்கும் சுவிஸ் ரயிலில் பயணிகளை ஏற்றி அனுப்புவதும் அங்கே நடக்கிறது. ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 2024இல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம், எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்த தாமதம் இந்தப் பக்கம் பரவாமல் அந்த ஒரு ரயில் தடுக்கிறது.

தொண்டு நிறுவனங்களுக்கும் இதேபோன்ற ஒழுங்கு உண்டு. இங்கிலாந்தின் தொண்டு நிறுவன ஆணையம் இத்தனை மாத இருப்பு வேண்டும் என்று ஒரே எண்ணை எல்லோருக்கும் விதிப்பதில்லை. எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், ஏன், எப்போது அதைத் தொடுவீர்கள் என்று ஆண்டறிக்கையில் விளக்கச் சொல்கிறது. ரயில் நிறுவனமும் தன் மீட்பு நிமிடங்களைப் பாதைவாரியாக, நிலையவாரியாக இப்படி விளக்கினால், 90 சதவீதம் என்ற ஒற்றை எண்ணைவிடப் பயணிக்கு அதில் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும்.